லிங்கன் வைத்திருந்தது மளிகைக்கடையா?

கேள்வி இது: “ஆபிரகாம் லிங்கன் இளம்வயதில் மளிகைக்கடை வைத்து நொடித்துப்போனார் என்று படித்திருக்கிறோம். அவர் கடைக்குச் சொந்தக்காரரா, இல்லை வேலைக்கு நின்றவரா? அந்தக் காலத்துக் குடியேற்றக் கிராமங்களில் இப்படிப்பட்ட கடைகள் எப்படி நடந்தன? அந்தக் கடை இன்றும் இருக்கிறதா?”

வேலைக்கும் நின்றார், சொந்தமாகவும் வைத்தார். ஊர், அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நியூ சேலம். 1831 செப்டம்பரில் அடுத்தவர் கடையில் சம்பளத்துக்கு நின்றவர், ஒரு வருஷம் கழித்துப் பங்காளியோடு சேர்ந்து ஒரு கடைக்கு முதலாளி ஆனார். முதலாளி என்று சொல்கிறேனே தவிர, முதல் என்று அவர் கையில் காசு கிடையாது. 1833-லேயே கடை படுத்துவிட்டது. பங்காளி குடிகாரன், லிங்கன் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தார், அதனால்தான் விழுந்தது என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த ஊரின் கடன் கணக்கில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

முதலில் ஊர். சங்கமன் ஆற்றங்கரையில் ஒரு மேட்டின்மேல், ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வடமேற்கே 20 மைல் தள்ளி, 1829-ல் ஜேம்ஸ் ரட்லெஜ், ஜான் கேம்ரன் என்ற இருவர் மனை பிரித்துப் போட்ட ஊர் அது. ஆற்றை மறித்து அணை கட்டி அவர்கள் வைத்த மாவு மில்தான் ஊருக்கு மூலம். மாவு அரைக்க வருகிறவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற இடத்தில் கடை முளைக்கும். கடை இருக்கிற இடத்துக்குக் கொல்லனும் பீப்பாய் செய்கிறவனும் வருவார்கள். ஊர் நன்றாக இருந்த காலத்திலேயே சுமார் 25 குடும்பங்கள்தான். ஆனால் 1831, 32-ல் அங்கே மூன்று நான்கு கடைகள்! உள்ளூரை நம்பி அல்ல, கிளேரிஸ் குரோவ் போன்ற சுற்றுவட்டாரக் குடியிருப்புகளை நம்பி வைத்தவை.

இந்தக் கடைகளில் என்ன விற்றது? குடியேறிகள் சோப்பு, மெழுகுவத்தி, துணி, மாமிசம் என்று முக்கால்வாசியை வீட்டிலேயே செய்துகொண்டார்கள். வீட்டில் செய்ய முடியாததற்குத்தான் கடை. உப்பு, காபிக்கொட்டை, தேயிலை, சர்க்கரை, வெடிமருந்து, ஈயக்கட்டி, இரும்புச் சாமான், பீங்கான், தொப்பி, சீட்டித்துணி. கூடவே பீப்பாயில் விஸ்கி. சரக்கு பெரும்பாலும் செயின்ட் லூயிஸ் மொத்த வியாபாரிகளிடமிருந்து நீராவிப் படகில் இல்லினாய் ஆற்றில் பியர்ட்ஸ்டவுன் வரை வரும். அங்கிருந்து மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ கட்டித்தான் கொண்டுவர வேண்டும்.

வாங்குகிறவர் கையில் ரொக்கம் இருக்காது. ஒரு பெண் ஈரத்துணியில் சுற்றிய வெண்ணெயும் ஒரு கூடை முட்டையும் கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வெண்ணெயை மோந்து பார்த்து, நிறுத்து, முட்டையை எண்ணி, இவ்வளவு சென்ட் என்று அவள் புருஷன் பெயரில் வரவு எழுதுவார். அவள் காபியும் நாலு கெஜம் சீட்டியும் வாங்கினால் அதே பக்கத்தில் பற்று. தேன், தேன்மெழுகு, கொழுப்பு, இறகு, மான்தோல், பன்றிக்கறி எல்லாமே இப்படி வரவில் ஏறும். விலை டாலரில் பேசுவார்கள், டாலர் மட்டும் கைமாறாது. சுத்தமான பண்டமாற்று என்று இதைச் சொல்வது தப்பு. எல்லாவற்றுக்கும் பணக்கணக்கு உண்டு, பேரேட்டுக்கு வெளியேதான் பணம் இல்லை.

பற்றை நேர் செய்வது வருஷத்துக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பிறகு, பன்றி அடித்து முடிக்கிற குளிர்காலத்தில். அதுவரை கடைக்காரர் தாங்க வேண்டும். அவரும் செயின்ட் லூயிஸில் ஆறு மாசம், ஒரு வருஷம் தவணை சொல்லித்தான் சரக்கு எடுத்திருப்பார். மேலே கொடுக்க வேண்டியதற்குத் தேதி உண்டு, கீழே வரவேண்டியதற்குத் தேதி இல்லை. நடுவில் நிற்கிறவனுக்குக் கையிருப்பு வேண்டும், இல்லையென்றால் வசூலிக்கிற கல்நெஞ்சு வேண்டும். லிங்கனிடம் இரண்டும் கிடையாது.

இங்கே நாணயம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், எனக்கு இதில் தனிப் பிரியம். அந்தக் காலத்து விலைப்பட்டியல்களில் 6¼, 12½, 18¾ சென்ட் என்று விசித்திரமான எண்கள் வரும். காரணம், அமெரிக்காவின் உள்நாட்டில் அப்போது புழங்கியது பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி நாணயம். ஒரு டாலருக்கு எட்டு ரியால். ஒரு ரியால் 12½ சென்ட், அரை ரியால் 6¼. அதாவது டாலரில் பதினாறில் ஒரு பங்கு. நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். 6¼ ஓரணா, 12½ இரண்டணா, 18¾ மூன்றணா, 25 நாலணா! 1957-ல் நயா பைசா வந்தபோது ஓரணாவுக்கு 6¼ பைசா என்று நாம் பட்ட அவஸ்தையேதான் அவர்களுக்கும். ஸ்பானிய நாணயம் அங்கே சட்டப்படி செல்லாது என்று ஆனது, அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1857-ல்.

லிங்கனின் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் கதை நினைவிருக்கிறதா? ஒரு பெண்ணிடம் 6¼ சென்ட் கூடுதலாக வாங்கிவிட்டோம் என்று தெரிந்து, கடை பூட்டியதும் மைல்கணக்கில் நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தாராம். நடந்ததோ இல்லையோ, ஊர்க்காரர்கள் பிற்காலத்தில் சொன்னது. ஆனால் அந்த 6¼ கதைக்காகச் சேர்த்த எண் இல்லை. அது கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒற்றை நாணயம். அற்பக்காசும் அல்ல. அரசாங்க நிலம் அப்போது ஏக்கர் 1 டாலர் 25 சென்ட். இப்படி 20 காசு சேர்ந்தால் ஒரு ஏக்கர்.

சரி, லிங்கன் அங்கே எப்படி வந்தார்? 1831 ஏப்ரலில் டென்டன் ஆஃபட் என்ற வியாபாரியின் சரக்குத் தெப்பத்தை நியூ ஆர்லியன்ஸுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, அது ரட்லெஜ் மில் அணையில் தட்டி நின்றுவிட்டது. லிங்கன் சரக்கைக் கரையில் இறக்கி, தெப்பத்தின் முன்பக்கம் துளை போட்டு, புகுந்த தண்ணீரை வெளியே விட்டுத் தெப்பத்தை நகர்த்தினார். ஆஃபட்டுக்கு ஆளையும் பிடித்துவிட்டது, ஊரையும் பிடித்துவிட்டது. 10 டாலருக்கு ஒரு மனை வாங்கி, மரக்கட்டைகளால் கடை கட்டி, லிங்கனை மாதம் 15 டாலர் சம்பளத்தில் உட்கார வைத்தார். படுக்கையும் கடைக்குள்ளேயே. ஆஃபட் பெரிய வாய்ச்சொல் வீரர். கடை ஆறேழு மாசம்கூடத் தாங்கவில்லை; 1832 வசந்தத்தில் மூடிவிட்டு ஊரைவிட்டே போனார். வேலை போன லிங்கன், பிளாக் ஹாக் என்ற செவ்விந்தியத் தலைவருக்கு எதிரான சண்டைக்குத் தன்னார்வப் படையில் சேர்ந்தார், திரும்பி வந்து ஆகஸ்டில் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் நியூ சேலம் வாக்குச்சாவடியில் மட்டும் 300 வாக்கில் 277 அவருக்கு. சில மாசம் கடைப்பலகைக்குப் பின்னால் நின்றதில் கிடைத்த சம்பாத்தியம் அதுதான். சுற்றுவட்டாரம் முழுக்க உப்புக்கும் காபிக்கும் வந்து போகிற இடத்தில் வாய்நிறையக் கதை சொல்கிறவன் நின்றால் வேறென்ன ஆகும்?

அப்போது ஜேம்ஸ், ரோவன் என்ற ஹெர்ண்டன் சகோதரர்கள் அங்கே ஒரு கடை வைத்திருந்தார்கள். ஜேம்ஸ் தன் பாதியை வில்லியம் பெர்ரிக்கு விற்றார். பெர்ரி ஒரு பாதிரியாரின் மகன், சண்டையில் லிங்கனின் படைப்பிரிவில் இருந்தவர். ரோவன் தன் பாதியை லிங்கனுக்குக் கொடுத்தார். ரொக்கம் வாங்கவில்லை, புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டார்.

அதோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பார்கள். 1833 ஜனவரியில் ரூபன் ராட்ஃபோர்ட் என்பவரின் கடைக்குள் கிளேரிஸ் குரோவ் முரட்டுப் பையன்கள் புகுந்து குடித்துக் கண்ணாடி, சாமான் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டார்கள். வெறுத்துப்போன ராட்ஃபோர்ட், முதலில் கேட்டவனுக்கே கடையைத் தள்ளிவிட்டார். கேட்டது வில்லியம் கிரீன் என்ற இளைஞர், விலை 400 டாலர். ஆனால் கிரீன் ரொக்கமாகக் கொடுத்தது 23 டாலர்தான், மீதிக்கு நோட்டு. அந்தச் சரக்கைக் கிரீன் உடனே பெர்ரிக்கும் லிங்கனுக்கும் 750 டாலருக்குக் கைமாற்றினார்! கொஞ்சம் ரொக்கம், ஒரு குதிரை, மீதிக்குக் கிரீன் ராட்ஃபோர்டுக்கு எழுதிய நோட்டுகளைத் தாங்கள் கட்டுவதாக ஏற்பு. இதில் யார் கெட்டிக்காரர் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் புரோநோட்டு விவகாரம்தான் முடிச்சு. ரொக்கம் இல்லாத ஊரில் நோட்டே பணமாகப் புழங்கியது. நான் உனக்கு எழுதிக்கொடுத்த நோட்டின் பின்பக்கம் நீ கையெழுத்துப் போட்டு மூன்றாவது ஆளுக்குக் கொடுத்துக் கடனைக் கழித்துக்கொள்வாய். இனி நான் கட்ட வேண்டியது அவருக்கு. நீ என் சிநேகிதன், பொறுத்துக்கொள்வாய். அவர் யாரோ, பொறுக்க வேண்டியதில்லை. லிங்கன் பிற்காலத்தில் தன் வரலாற்றுக் குறிப்பில் எழுதியதும் இதே தொனிதான். தன்னைப்போலவே ஏழையான இன்னொருவனோடு சேர்ந்து பழைய சரக்கைக் கடனுக்கு வாங்கினோம், மேலும் மேலும் கடனில் இறங்கியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை, கடை அணைந்துபோனது என்று நாலு வரியில் முடித்துவிட்டார்.

இப்போது கேள்வியில் உள்ள ‘மளிகைக்கடை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 1833 மார்ச் 6-ல் சங்கமன் மாவட்ட ஆணையர்கள், பெர்ரி–லிங்கன் பெயரில் ஒரு வருஷத்துக்குச் சத்திர லைசென்ஸ் கொடுத்தார்கள். 7 டாலர் கட்டணம், 300 டாலருக்கு ஜாமீன் பத்திரம். பட்டியல் விலையும் அதிலேயே உண்டு. விஸ்கி 12½ சென்ட், ரம் 18¾, பிரெஞ்சு பிராந்தி 25. ஒரு வேளைச் சாப்பாடு 25. ராத்திரி படுக்க 12½, குதிரையைக் கட்ட 25. மனுஷன் படுப்பதைவிடக் குதிரைக்கு இரண்டு மடங்கு. அது தின்னுமே!

லைசென்ஸ் எதற்கு? குவார்ட் அளவும் அதற்கு மேலும், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டரிலிருந்து, சாராயத்தை எந்தக் கடைக்காரரும் அளந்து கொடுக்கலாம். அதற்குக் குறைவாக, உட்கார்ந்து குடிக்கிற அளவில் விற்கத்தான் லைசென்ஸ் வேண்டும். அப்படிக் கிளாஸ் கணக்கில் ஊற்றிக்கொடுக்கிற இடத்துக்குத்தான் அந்த வட்டாரத்தில் அன்றைக்கு ‘குரோசரி’ என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு மளிகை என்று பொருள், அன்றைக்குச் சாராயக்கடை. அதனால்தான் 1858 ஆகஸ்ட் 21-ல் ஒட்டாவா ஊரில் நடந்த முதல் தேர்தல் விவாதத்தில், செனட் பதவிக்கு எதிர்த்து நின்ற ஸ்டீஃபன் டக்ளஸ், லிங்கனை ‘சேலத்தில் அமோகமாகக் குரோசரி நடத்தியவர்’ என்று குத்தினார். கூட்டத்துக்குச் சொல்லாமலே புரிந்தது. நான் உலகத்தில் எங்குமே குரோசரி வைத்ததில்லை, நடத்தியிருந்தாலும் அது பெரிய பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஒரு குளிர்கால முடிவில் சின்ன சாராயம் வடிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தது மட்டும் உண்மை என்றார் லிங்கன். ஜாமீன் பத்திரத்தில் லிங்கன் என்று இருக்கிற கையெழுத்து அவருடைய கை அல்ல. லைசென்ஸ் வாங்கியது பெர்ரியின் முயற்சி என்பதே என் கணிப்பு. ஆனால் பீப்பாய் விஸ்கி அவர்கள் கடையில் இருந்ததை மறுக்க முடியாது. அது இல்லாத கடை அந்த ஊரில் கிடையாது.

இதே ஊரில் நிலைத்த கடை ஒன்று உண்டு, சாமுவேல் ஹில்லுடையது. ஊர் பிறந்த 1829-லேயே வந்துவிட்டவர். 1835-ல் மாடு மிதித்துச் சுழற்றுகிற சக்கரத்தில் ஓடும் கம்பளிச் சிக்கெடுக்கும் ஆலையும் வைத்தார். சுற்றுவட்டாரத்து ஆட்டுரோமம் எல்லாம் அவர் வாசலுக்கு வந்தது. தபால் நிலையமும் முதலில் அவர் கடையில்தான். சாராயம் வாங்க வருகிற ஆண்களைக் கவனித்துவிட்டுக் கடிதத்துக்கு வந்த பெண்களை நிற்க வைக்கிறார் என்று புகார் போனதாகச் சொல்வார்கள். 1833 மே 7-ல் லிங்கன் போஸ்ட்மாஸ்டர் ஆனார்.

கடை விழுந்த பிறகு அவருக்குச் சோறு போட்டது இந்தத் தபாலும் நில அளவையும்தான். தபால் வாரம் ஒருமுறை வரும். அப்போதெல்லாம் கடிதத்துக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் பெறுகிறவர். ஒரு தாள் 30 மைலுக்குள் 6 சென்ட், 400 மைலுக்கு மேல் 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. இங்கும் லிங்கன் கறாராக இல்லை. அவ்வூர்க்காரர் ஒருவர் 1835 செப்டம்பரில் உறவினருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது: போஸ்ட்மாஸ்டர் பகலெல்லாம் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுகிறார், பாதி நாள் ஆளில்லாத இடத்தில் நானே புகுந்து என் தபாலை எடுத்துக்கொள்கிறேன், உன் கடிதம் இரட்டைத் தாள் என்று தெரிந்திருந்தாலும் அவர் கூடுதல் காசு கேட்டிருக்க மாட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதும் இந்த மனுஷன் இப்படித்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

1835 ஜனவரியில் பெர்ரி இறந்துபோனார். சொத்து ஒன்றும் விட்டுப்போகவில்லை. பங்காளி போனால் அவன் பாதியும் இருக்கிறவன் தலையில். மொத்தம் சுமார் 1,100 டாலர். ‘தேசியக் கடன்’ என்று லிங்கனே கிண்டலாகப் பெயர் வைத்தார். ராட்ஃபோர்டின் நோட்டு ஒன்று கைமாறிப் பீட்டர் வான் பெர்கன் என்பவரிடம் போயிருந்தது. அவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கினார். லிங்கனின் குதிரை, சேணம், கடிவாளம், நிலம் அளக்கிற திசைமானி, சங்கிலி எல்லாம் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன. சர்வேயரிடம் சங்கிலியைப் பிடுங்கினால் பிழைப்பு போச்சு. ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி லிங்கனிடம் சொல்லாமலே ஏலத்தில் அவற்றை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பல வருஷம் கழித்து ஷார்ட் கலிஃபோர்னியாவில் கஷ்டத்தில் இருப்பது தெரிந்து, ஜனாதிபதி லிங்கன் அவருக்கு அங்கே அரசு வேலை போட்டுக்கொடுத்தார்.

ஊரைவிட்டு ஓடிப்போவது அப்போது சுலபம். மேற்கே நிலம் கிடந்தது, ஆஃபட் ஓடிப்போனார், யாரும் துரத்தவில்லை. லிங்கன் ஓடவில்லை. 1840-களின் பிற்பகுதியில், காங்கிரஸ் உறுப்பினராகி வாஷிங்டன் போன பிறகும் பழைய கடனுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு என்ன ஆயிற்று? 1832 மார்ச்சில் டாலிஸ்மன் என்ற நீராவிப் படகு சங்கமனில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் வரை ஏறி வந்தது. ஆறு திறந்துவிட்டது, இனி சரக்கு வாசலுக்கே வரும் என்று ஊரே குதித்தது. தண்ணீர் வடிந்ததும் படகு திரும்பத் தவித்து, நியூ சேலம் அணையில் ஒரு பகுதியை இடித்துக்கொண்டுதான் வெளியேறியது. அதைக் கீழே ஓட்டிப்போன இருவரில் ஒருவர் லிங்கன், இன்னொருவர் அதே ரோவன் ஹெர்ண்டன். ஆற்றில் சரக்குப் போக்குவரத்து இல்லை என்று உறுதியான பிறகு அந்த மேட்டின்மேல் ஊர் இருக்கக் காரணம் குறைந்துவிட்டது. இரண்டு மைல் வடக்கே பீட்டர்ஸ்பர்க் எழுந்தது. 1836-ல் அதற்கு மனை அளந்து கொடுத்ததும் லிங்கன்தான். அதே வருஷம் மே 30-ல் தபால் நிலையம் அங்கே மாறியது. 1839-ல் புது மாவட்டமான மெனார்டுக்குத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் என்றானதும் ஹில்லும் கடையை அங்கே கொண்டுபோனார். வீடுகளையும் பிரித்து இழுத்துக்கொண்டு போனார்கள். 1840-க்குள் நியூ சேலம் காலி.

கடைசிக் கேள்விக்குப் பதில்: அசல் கடை இல்லை. 1906-ல் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தார், 1919-ல் மாநில அரசு ஏற்றது, 1930-களில் பழைய அடித்தளங்களைத் தோண்டிப் பார்த்து ஊரை மறுபடி கட்டினார்கள். போனால் ‘பெர்ரி–லிங்கன் கடை’ என்று இரண்டைக் காட்டுவார்கள், குழம்ப வேண்டாம். ஹெர்ண்டன்களிடம் எடுத்தது முதலாவது, ராட்ஃபோர்ட் சரக்கு வந்த பிறகு மாறிப்போனது இரண்டாவது. மரக்கட்டை அடுக்காமல் பலகை அடித்துக் கட்டிய ஒரே கட்டடம் அந்த ஊரில் அந்த இரண்டாவது கடைதான். இன்றைக்கு அங்கே நிற்பவற்றில் அந்தக் காலத்து அசல் கட்டடம் ஒன்றே ஒன்று: பீப்பாய் செய்த ஹென்றி ஆன்ஸ்டாட்டின் பட்டறை. அதுவும் பீட்டர்ஸ்பர்க்குக்கு இழுத்துப்போகப்பட்டு, 1922-ல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.